பின் சீட்டுக்குக் கீழே ஒரு பேட்டரி

வடக்கு மினசோட்டாவில் யாராவது "காபி வேணுமா?" என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்லவேண்டும். இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான், "சரி, அரைக் கப்" என்று இறங்கி வருவது மரியாதை. முதல் தடவையே கையை நீட்டுகிறவனைப் பறக்காவெட்டி என்பார்கள். லெம்பி ஹவிஸ்டோவுக்கு அறுபத்தாறு வயது. ஒரு நாள்கூட அவள் இந்த மரியாதையில் தவறியதில்லை. அந்த மரியாதைதான் ஒரு ஜனவரி மாதப் புதன்கிழமை அவள் புருஷன் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

அன்று காலை அவளுடைய பழைய நீலக் கார் முக்கி முனகிப் படுத்துவிட்டது. பக்கத்து வீட்டு கோர்டன் தன் வண்டியிலிருந்து கம்பி கொடுத்து உயிர்ப்பித்தார். கொடுத்துவிட்டு, "பேட்டரி செத்துப் போச்சு லெம்பி, இன்னைக்கே மாத்திடு" என்று சொல்லி, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார். ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. வியாழன் விடிந்ததும் அவள் புருஷன் ரூடிக்கு, செவ்வாயும் சனியும்போல, டயாலிசிஸ், எழுபது மைல் தள்ளி டுலூத்தில். போன மாதம் ஒரே ஒரு நாள் தவறியதற்கு நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நோயாளிகளை ஏற்றிப்போகும் வேனுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவைக்கவேண்டும். ஆக, கார் கிளம்பியே ஆகவேண்டும்.

ரூடி ஒரு துண்டுச் சீட்டில் பேட்டரி நம்பர் எழுதிக் கொடுத்திருந்தான். உதிரிபாகக் கடையில் ராமிரோ கேன்டு அதை வாங்கிப் பார்த்தான். நாற்பது வயதுக்காரன், டெக்சாஸிலிருந்து வந்து இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன். வந்து இரண்டாவது குளிர்காலம்.

"இது பிக்கப் வண்டிக்குப் போடுற நம்பராச்சேம்மா. உங்க வண்டி என்னன்னு சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல பாத்துடறேன்."

"வேண்டாம் தம்பி, உனக்கு எதுக்குச் சிரமம்? என் வீட்டுக்காரரு எழுதினது சரியாத்தான் இருக்கும்."

"இல்ல, வெளிய வந்து வண்டிய ஒரு நிமிஷம் பாக்கறேனே?"

"இந்தக் குளிர்லயா? இருக்கட்டும்."

"சரிங்கம்மா" என்று ராமிரோ பேட்டரியை எடுத்து வைத்துவிட்டான்.

லெம்பி போகவில்லை. கையுறையைப் போட்டாள், கழற்றினாள். தொங்கிக்கொண்டிருந்த வைப்பர்களை, ஏதோ வாங்கப்போகிறவள்போல ஒவ்வொன்றாகத் தடவினாள். மூன்றாவது தடவை அவன் கேட்கவே இல்லை. டெக்சாஸில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

வீட்டுக்கு வந்து முன் மூடியைத் திறந்தால் பேட்டரியையே காணோம். கோர்டன் கம்பி மாட்டிய முனை மட்டும் இருந்தது. பதினோரு வருஷம் ஓட்டிய வண்டி, பேட்டரி எங்கே இருக்கிறது என்று தெரியாது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ரூடி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தான். "பின் சீட்டுக்குக் கீழ பாரு."

சீட்டைத் தூக்கினாள். புதியது பழையதைவிட நான்கு விரல் உயரம். உள்ளே வைத்துச் சீட்டைப் போட்டால் சீட்டுக் கம்பி நேராகப் பேட்டரி முனையில் உட்கார்ந்து தீப்பொறி பறக்கும். பழையதில் வாயு வெளியேற ஒரு மெல்லிய குழாய் சொருகியிருந்தது. புதியதில் அதைச் சொருகத் துளையே இல்லை. ரூடி தான் எழுதிய துண்டுச் சீட்டை மறுபடி வாங்கிப் பார்த்தான். அவன் முகம் விழுந்துவிட்டது.

"இது நம்ம பிக்கப் நம்பர், லெம்பி. எட்டு வருஷம் முன்னாடி வித்தோமே, அது. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

"விடு. நானும்தான் அவன் சொல்லச் சொல்லக் கேக்கல."

"கடைக்குப் போன் போடேன்."

"எப்பிடிப் போடறது? அவனே ரெண்டு தடவ கேட்டான், நான்தான் வேண்டாம்னேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

"மூணாவது தடவ கேக்கலையா?"

"கேக்கலையே."

மணி நான்கு. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ரூடியின் கணுக்கால் வீங்கி, காலுறையின் விளிம்பு தோலில் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் லெம்பி, மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று போனை எடுத்தாள். நம்பரை அழுத்துவதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

ராமிரோ நின்றான். கையில் ஒரு குட்டையான பேட்டரி.

"நீங்க கிளம்பும்போது வண்டியக் கண்ணாடி வழியா பாத்தேம்மா, பிக்கப்பே இல்ல, கார். மனசு கேக்கல. மத்தியானம் சாப்பிடும்போது என் பொண்டாட்டி ஆர்டிஸ்கிட்ட சொன்னா, வறுத்து எடுத்துட்டா. 'மூணு தடவ கேக்கணும்டா மடையா, அந்தம்மா அங்க காத்துக்கிட்டு நின்னிருப்பாங்க'ங்கறா. கடைய விட்டு இப்பத்தான் வர முடிஞ்சுது." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அதனால மூணாவது தடவையா கேக்கறேன். நான் பாக்கட்டுமா?"

லெம்பி உடனே தலையை ஆட்டினாள்.

கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதற்குள் டுலூத் டயாலிசிஸ் பற்றியும் லெம்பி சொல்லிவிட்டிருந்தாள். ராமிரோ பேட்டரியைக் கச்சிதமாக உட்காரவைத்து, குழாயைத் துளையில் சொருகிக் காட்டினான். "இது வழியாத்தான் வாயு வெளிய போகும். இல்லாட்டி டுலூத் வரைக்கும் உங்ககூடவே உக்காந்து வரும்."

"சின்னதா இருக்கேப்பா" என்றான் ரூடி, விட்டுக்கொடுக்காமல்.

"அளவு பெரிசா செருப்பு வாங்கினா வேகமா நடந்துருவீங்களா சார்? இந்தக் குளிருக்கு வேண்டிய சக்தி இதுல இருக்கு. போன மாசம் தயாரானது, தேதி பாத்துத்தான் எடுத்தேன். எஞ்சின் சூடாக்கற ஒயரை மட்டும் ராத்திரி மறக்காம மாட்டிடுங்க."

மறுநாள் காலை பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்பது. மூக்குக்குள் மயிர் விறைத்தது. லெம்பி சாவியைத் திருப்பினாள். கார் ஒரே மூச்சில் கிளம்பிவிட்டது. ரூடி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கட்டும் அந்தப் பையன்" என்றான். நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் அவன் யாரையும் இப்படி வாய்விட்டு வாழ்த்தி அவள் கேட்டதில்லை. கண்ணில் வந்த நீரைக் குளிரின் தலையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு தட்டு நிறைய ஓட்ஸ் பிஸ்கட் துண்டுகள் சுட்டுக் கடைக்கு எடுத்துப்போனாள். மூன்று தடவை வற்புறுத்தத் தயாராகத்தான் போனாள். அவன் தட்டை வாங்கிய கையோடு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். "எங்க ஊர்ல சாப்பாட்ட வேண்டாம்னு சொன்னா சண்டைக்கு வந்துருவாங்கம்மா."

"தம்பி, நீ வரலன்னா அவரு இன்னைக்கு ஆஸ்பத்திரில கிடப்பாரு. நான் உனக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்." சொல்லிமுடிக்கையில் அவளுக்குக் காது மடல் சுட்டது. இந்த ஊரில் இவ்வளவு பேசுவதே அதிகம்.

ராமிரோவும் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சனிக்கிழமை பனி கொட்டும்ங்கறாங்க. எனக்கு லீவுதான். டுலூத்துக்கு நான் ஓட்டிட்டு வரட்டுமா?"

வேண்டாம் என்ற சொல் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லெம்பி அதை விழுங்கினாள்.

"காலைல அஞ்சரைக்கு வந்துடு தம்பி" என்றாள்.