ஆத்து மரம் எடுக்க வாங்க

1

இந்தக் கதை எனக்குத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. கிடைத்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒட்டுக்கேட்டேன்.

தானே புயல் அடித்து ஓய்ந்த அடுத்த வாரம். ஒரு பெண் ஆளுயரப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறப் பார்த்தாள். நடத்துநர் குறுக்கே நின்றார்.

"இன்னாம்மா உள்ள? பொணமா?"

"காத்தாடிண்ணா."

"காத்தாடிக்கு இம்மாம் பெரிய பையா? லக்கேஜ் போடணும்."

"காத்தாடிக்கு எந்த ஊர்லண்ணா லக்கேஜ் போடுறாங்க?"

நடத்துநர் யோசித்தார். அவருடைய சர்வீஸில் யாரும் காத்தாடியோடு பஸ் ஏறியதில்லை போலும். அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. நானும் ஏறினேன்.

(அந்தப் பேருந்துக்குப் பிறகு வருவதில் பாதி நான் புளுகியது. எந்தப் பாதி என்று கேட்டு வம்பு பண்ணாதீர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சங்கராபரணி ஆறு அன்று மாலை வெயிலில் பொன்னிறமாக—"

அடித்துவிட்டேன். அது செஞ்சியிலிருந்து கிளம்பும் வண்டல் ஆறு. பொன்னிறம் காட்டும் பழக்கம் அதற்குக் கிடையாது.

பிறகு இப்படி: "பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் எலிசாவுக்கு—"

இது என் நண்பர் சொன்ன யோசனை. வெள்ளைக்காரன் வந்தால் கதைக்கு ஒரு களை வரும் என்றார். வெள்ளைக்காரன் வந்தால் எலிசா அவனுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுப்பவளாகிவிடுவாள். வேண்டாம், அவன் பாண்டிச்சேரியிலேயே இருக்கட்டும்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் காத்தாடிக்காரி எலிசா திண்டிவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அண்ணன் மரிய அருண் கோவாவில் ஒரு கடற்கரை விடுதியில் நீச்சல் காவலன். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தவன் பழைய காத்தாடி (பட்டம்தான், ஆளையே இழுக்கிற அளவுக்குப் பெரியது) ஒன்றும் சிவப்புப் பலகை ஒன்றும் கொண்டுவந்தான். காற்று காத்தாடியை இழுக்கும், காத்தாடி இடுப்பில் கட்டிய கயிற்றை இழுக்கும், காலில் மாட்டிய பலகை தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். விளையாட்டு அவ்வளவுதான். திருவக்கரைக்குக் கொஞ்சம் கீழே, தடுப்பணைக்குப் பின்னால் ஆறு அகலமாகத் தேங்கும் இடத்தில் அண்ணன் சொல்லிக்கொடுத்தான். லீவு முடிந்து அவன் போய்விட்டான். பலகையும் காத்தாடியும் அவளிடம் தங்கிவிட்டன.

திங்கள் முதல் சனி வரை கடைக்கு வருபவர்களிடம் "இது தெரியுதுங்களா? இப்ப தெரியுதுங்களா?" என்று கேட்பதுதான் அவள் பிழைப்பு. ஞாயிறு ஆற்றில் அவள் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். அவளையும் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் அவள் பொறுத்துக்கொண்டாள். அது போய்விட்டால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. தினமும் கடைக்குப் போவாள், வருவாள். ஆனால் அது போய்விடக் கூடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

3

புயல் என்ன செய்தது என்றால், ஆற்றோரத்து மரங்களையெல்லாம் வேரோடு பிடுங்கி எலிசாவின் இடத்தில் கொண்டுவந்து கொட்டியது. புளி, வேம்பு, பனை, எவர் வீட்டு விட்டமோ ஒன்று. கரையெல்லாம் கட்டை. தண்ணீருக்குள்ளும் கட்டை. காத்தாடிக் கயிறு ஒரு கிளையில் மாட்டினால் ஆள் அம்பேல்.

ஊராட்சி மன்றத் தலைவர் ஒரு அம்மாள். அவர் பெயர் இந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. ஊருக்கே தேவைப்படவில்லை. தலைவர் வேலையை அவர் புருஷன் சீனுவாசன்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எலிசாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"இத பாரும்மா. நீ பறந்துக்கினு போய்க் கட்டையில மோதி செத்தா பதில் சொல்றது யாரு? நானு. எனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

"மரத்தயெல்லாம் எடுத்துட்டா ஓட்டலாமாண்ணா?"

"எவன் எடுப்பான்?"

"நான் ஆளுங்கள கூட்டியாறேன்."

சீனுவாசன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். கெட்ட மனுஷர் இல்லை. "ஜனவரி இருபத்தாறு கிராம சபை. கரையில ஒரு கட்டை கெடக்கக் கூடாது. அன்னிக்கு ஊரு முன்னாடி நீ ஓட்டிக் காட்டு. ஆபத்து இல்லன்னா தீர்மானம் போட்டுத் தர்றேன். ஓட்டிக் காட்டலன்னா, அதோட சரி. காத்தாடிய மூட்ட கட்டிக்கினு போய்டணும்."

4

விழுப்புரத்தில் ஒரு தொண்டு அமைப்பு வேன் நிறைய ஆட்களை அனுப்புவதாக ஒப்புக்கொண்டது. உள்ளூரிலும் நாலு பேர் வந்தால் நல்லது என்று எலிசா ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டது தப்பில்லை. அதற்கு அவள் மண்ணாங்கட்டியிடம் போனாள்.

மண்ணாங்கட்டி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவிப்பு செய்பவர். (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் எமன் திரும்பிப் பார்க்காதபடி இப்படிப் பெயர் வைப்பார்கள். எமன் இன்றுவரை திரும்பிப் பார்க்கவில்லை.) எலிசா எழுதிக் கொடுத்ததை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்: "ஆற்றங்கரையில் ஒதுங்கிய மரங்களை அகற்றும் தன்னார்வப் பணி."

"இத்தப் படிச்சா ஈ காக்கா வராது. தன்னார்வம்னா இன்னா?"

"காசு கீசு எதுவும் கெடையாதுண்ணா. சும்மா வர்றது."

"அப்ப இலவசம்னு சொல்லு."

எலிசாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சனிக்கிழமை முழுக்க ஆட்டோ அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓடியது. "ஆத்து மரம் எடுக்க வாங்க! நாளைக்குக் காலையில பத்து மணிக்கு! முற்றிலும் இலவசம்! முந்துங்கள்!"

எலிசா கடை விட்டு வரும் வழியில் அதைக் கேட்டு மகிழ்ந்துபோனாள். 'எடுக்க' என்றால் அவளுக்கு அப்புறப்படுத்த. கேட்ட சனங்களுக்கு எடுத்துக்கொள்ள. ஒரே சொல். தமிழ் செழுமையான மொழி என்று மேடையில் பேசுகிறவர்களை அன்று அந்தக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

5

ஞாயிறு காலை முதல் பூசை முடிந்ததும் எலிசா கரைக்கு வந்துவிட்டாள். ஒரு ஆளையும் காணோம். வருகிறவர்களுக்கு இது எதற்கான இடம் என்று தெரியட்டும் என்று சிவப்புப் பலகையை ஒரு கட்டைக் குவியலின்மேல் சாய்த்து வைத்தாள். அப்போது கைப்பேசி அடித்தது. விழுப்புரம் வேன் வழிதவறி அனந்தபுரத்தில் நிற்கிறதாம். வழி காட்ட அவள் தார்ரோட்டுக்குப் போனாள்.

பத்து மணிக்கு இலவசம் என்றால் எட்டரைக்கு வருகிறவனுக்குத்தான் அது கிடைக்கும். இது அந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும்.

அவள் வேனோடு திரும்பி வந்தபோது கரை வழித்துவிட்டது போல இருந்தது. கடைசி மாட்டுவண்டி மேடேறிக்கொண்டிருந்தது. ஆள்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, கயிறு போட்டு, உள்ளே கிடந்ததையும் இழுத்துப் போயிருந்தார்கள். ஒரு சுள்ளி இல்லை. புயலில் கூரை போன ஊர்கள், விறகு நனைந்த அடுப்புகள். மரம் இலவசம் என்றால் விடுவார்களா?

வேனிலிருந்து ஒரே நிறச் சட்டையும் கையுறையும் போட்ட இளைஞர்கள் இறங்கினார்கள். சுத்தமான கரையைப் பார்த்தார்கள். எலிசாவைப் பார்த்தார்கள்.

"எதங்க க்ளீன் பண்ணணும்?" என்று ஒருவன் கேட்டான்.

கொண்டுவந்த பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்கள். பொட்டலங்களைக் கரையிலேயே போட்டுவிட்டு வேன் ஏறினார்கள். அன்று அங்கே நடந்த துப்புரவுப் பணி என்பது எலிசா தனியாக அந்தப் பொட்டலங்களைப் பொறுக்கியதுதான்.

பொறுக்கும்போதுதான் பார்த்தாள். பலகையைக் காணோம்.

6

[இங்கே எலிசா அழுகிற மாதிரி ஒரு பத்தி இருந்தது. பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. அவள் அழுகிறவளா, திட்டுகிறவளா? பேருந்தில் நான் பார்த்தவள் திட்டுகிறவள். ஆகவே:]

"எந்த நாறப்பய எடுத்தான்?" என்று எலிசா ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். பிறகு, பூசை பார்த்துவிட்டு வந்த வாய் என்பது நினைவு வந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

துப்புக் கொடுத்தவர் மண்ணாங்கட்டி. "செவப்புப் பலகயா? பாஞ்சாலி ஊட்டுக் கூரமேல இருக்குது. ஏம்மா, அது ஆத்துல வந்தது இல்லியா?"

7

பாஞ்சாலி கரும்பு வெட்டப் போகிறவள். புயல் அவள் வீட்டுக் கீற்றை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. நிவாரணத்தில் வந்த தார்ப்பாயை மேலே போட்டிருந்தாள். அது காற்றில் பறக்காமல் உச்சியில் சிவப்புப் பலகை படுத்திருந்தது. கால் மாட்டும் இரண்டு வார்களிலும் கயிறு நுழைத்து, இரண்டு பக்கச் சுவருக்கும் இழுத்துக் கட்டியிருந்தாள்.

(முதல் பிரதியில் அந்த வீட்டுக்குள் ஒரு பச்சைக்குழந்தை இருந்தது. பாஞ்சாலியின் மகள் ரோஜா பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தையை வைத்தால் நீங்கள் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவீர்கள், அது எலிசாவுக்குச் செய்யும் அநியாயம். எடுத்துவிட்டேன். வீட்டுக்குள் இப்போது ஒரு ஆடு இருக்கிறது.)

"யக்கா, அது என் பலகை."

பாஞ்சாலி அண்ணாந்து பார்த்தாள். "உன்னுதா? நீதான பாப்பா எடுக்க வாங்கன்ன?"

"மரத்தச் சொன்னேன்."

"இது மரந்தான? தட்டிப் பாத்துத்தான் எடுத்தாந்தேன். மத்த கட்டையெல்லாம் உருண்டுபோவுது. இது ஒண்ணுதான் தட்டையா இருந்துச்சு. கயிறு கட்றதுக்குன்னே வாரு வச்சிருக்கான், எவனோ புண்ணியவான்."

"வேற கட்டை போட்டுக்கலாமே?"

"எனக்குக் கெடச்சது இது ஒண்ணுதான் பாப்பா. ஆம்பளைங்க வண்டி கட்டிக்கினு வந்துட்டாங்க." பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "உன்னுதுன்னா எடுத்துக்க. நான் இன்னா சொல்லப்போறேன்?"

கொடுக்க மாட்டேன் என்று அவள் சண்டைக்கு வந்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். எலிசாவுக்குச் சண்டை போடத் தெரியும். எடுத்துக்க என்று சொல்கிறவளிடம் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. "கட்டை கொண்டாந்து மாத்திக்கிறேங்கா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

8

இனி வருவது நான் பொய் சொல்லாத பகுதி.

எலிசா மறுநாளிலிருந்து தினமும் கடை விட்டு வந்து அந்தக் கரை நெடுகத் தேடினாள். ஒரே ஒரு கட்டை. தார்ப்பாயை அழுத்திப் பிடிக்க ஒன்று போதும்; கல் வைத்தால் கிழிந்துவிடும். இல்லை. ஊருக்குள் விலைக்கும் கேட்டுப் பார்த்தாள். பாதி அடுப்புக்குப் போயிருந்தது, மீதி அவரவர் கூரைக்குப் போயிருந்தது. 'ஒரு கட்டை கெடக்கக் கூடாது' என்று சீனுவாசன் சொன்னதை அந்த ஊர் அப்படியே நிறைவேற்றியிருந்தது.

கடைசியில் தடுப்பணை ஓரமாக மணலில் பாதி புதைந்து ஒன்று கிடைத்தது. பட்டை தெரிந்தது, முடிச்சு தெரிந்தது. எலிசாவுக்கு வந்த சந்தோஷத்தில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். அசையவில்லை. மண்ணாங்கட்டி ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்தார். கயிறு அறுந்தது. கோடாலியை எடுத்து ஒரு போடு போட்டார். பொறி பறந்தது.

"போச்சு. கல்மரம்" என்றார்.

திருவக்கரைக்காரர்களுக்கு இது தெரியும். கோடி வருஷத்துக்கு முந்திய மரம், கல்லாகிக் கிடப்பது. எரியாது, மிதக்காது, தொட்டால் சர்க்கார் கேஸ் போடும். ஊரே வழித்துக்கொண்டு போன கரையில் இது மட்டும் ஏன் கிடந்தது என்று எலிசாவுக்குப் புரிந்தது.

9

ஜனவரி இருபத்தாறு, காலை. கொடியேற்றி மிட்டாய் கொடுத்தாயிற்று. கிராம சபை முழுவதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டது. சீனுவாசன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நல்ல காற்று. வாரம் முழுக்க எலிசா மாதாவிடம் கேட்ட காற்று, கேட்டபடியே வந்துவிட்டது.

அவள் பாஞ்சாலி வீட்டு வாசலில் நிற்கிறாள். ஒரு கை கயிற்று முடிச்சில். தார்ப்பாயின் ஓரம் படபடவென்று அடிக்கிறது. அவளை ஆற்றில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய காற்றுதான் இதையும் தூக்கப் பார்க்கிறது.

முடிவு அ: அவள் முடிச்சை அவிழ்க்கிறாள், ஓட்டுகிறாள், ஊர் கைதட்டுகிறது, தீர்மானம் நிறைவேறுகிறது. திரும்பி வந்து—

(வேண்டாம். திரும்பி வந்து என்ன பார்ப்பாள் என்று எழுத எனக்குத் தெம்பு இல்லை.)

முடிவு ஆ: அவள் பலகையை விட்டுவிட்டு வெறுங்கையோடு கரைக்குப் போய்—

(தியாகம். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூங்கப் போவார்கள். அவள் மட்டும் திங்கட்கிழமை கடைக்குப் போவாள், அடுத்த திங்களும் போவாள். இதற்கு நான் உடந்தையாக மாட்டேன்.)

முடிவு இ: சீனுவாசனும் கிராம சபையும் எழுந்து வந்து, அவள் ஓட்டி முடிக்கும்வரை தார்ப்பாயை ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடித்துக்கொண்டு—

(எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. உங்களுக்கே சிரிப்பு வருகிறது, இல்லையா?)

உள்ளேயிருந்து குழந்தை அழுகிறது. ஆமாம், குழந்தைதான். நான் எடுத்துவிட்டேன் என்று சொன்னேனே தவிர, அது எங்கேயும் போகவில்லை. ரோஜா அதைத் தோளில் போட்டுத் தட்டுகிறாள். பாஞ்சாலி வெளியே வந்து எலிசாவைப் பார்க்கிறாள்.

"ஜல்தி எடுத்துக்கினு போ பாப்பா. அங்க எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க."

எலிசா முடிச்சை அவிழ்க்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. என்னால் இதற்குமேல் ஒரு வரி எழுத முடியவில்லை. முடிவு அங்கேயே கிடக்கிறது. எடுக்க வாங்க, முற்றிலும் இலவசம்.

ஆனால் வெறுங்கையோடு வராதீர்கள். வரும்போது ஆளுக்கொரு கட்டை கொண்டுவாருங்கள்.