தலைசாயாத நெல்

ஆமை ஓட்டைத் தீயில் காட்டி, விரிசல் பார்த்து அரண்மனை தேர்ந்தெடுத்த வயலில், அந்த ஆண்டு ஒரு கதிர்கூடத் தலைசாயவில்லை. பால் இறுகி மணி முற்றிய பிறகும், வயல்காரி சவாயேயின் நெல், காவலுக்கு வந்த எண்பது போலீஸ்காரர்களைவிட விறைப்பாக நின்றது. வேளாண் அலுவலர் வந்து சில மணிகளை உருவி நிறுத்துப் பார்த்து, எடை வழக்கமானதுதான் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

புதிதாக அரியணை ஏறும் பேரரசர் புத்தரிசியைத் தெய்வத்துக்குப் படைத்துத் தானும் உண்ண வேண்டும். அந்த நெல்லைத்தான் நெமுரிசாவா ஊரில் சவாயேயிடம் கேட்டார்கள். அவள் தர மாட்டேன் என்றாள். முந்தைய பேரரசரின் பெயரைச் சொல்லிப் போருக்குப் போன அவளுடைய அண்ணன், வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியாகத் திரும்பி வந்தான். உள்ளே எலும்பு இல்லை, ஒரு கூழாங்கல் இருந்தது. அந்த வெறுப்பை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

பக்கத்து வயல்காரரான கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஒரிஹாராவுக்கு வயிறு எரிந்தது. ஆமை தன் வயலைத்தான் காட்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தவர் அவர். அவள் வயலுக்குப் போகும் வாய்க்கால் மடையை அடைத்தார். நெல் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஊரும் அவளோடு பேச்சை நிறுத்தியது. கண்ணெதிரே சோயாக் கட்டியான டோஃபுவை அடுக்கிவைத்துக்கொண்டே இல்லை என்றான் கடைக்காரன்.

“உங்க வீம்பால ஊரே தலைகுனியுது, அக்கா” என்றார் ஒரிஹாரா, வரப்பில் நின்று.

“குனியட்டும் தம்பி. உங்களுக்கெல்லாம் பழக்கந்தானே. என் நெல்லுக்குத்தான் வரல.”

அறுவடையன்று சடங்குக்கான வெள்ளை உடையில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர், அவளைக் கேட்காமலே அவள் வயலில் இறங்கினார்கள். அறுத்த தாள் அறுத்த இடத்திலேயே மறுபடி ஒட்டிக்கொண்டு நின்றது. மதியம்வரை ஒரு கட்டுகூடத் தேறவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்ற பதற்றத்தில் ஒரிஹாரா தன் வயலையே அறுத்துக் கொடுத்தார். மூட்டையில் சவாயேயின் பெயர் எழுதப்பட்டிருந்தது. ஊர் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டது.

சடங்கு குறைவில்லாமல் நடந்தது. அவள் வயலோரம் அவள் பெயர் பொறித்த கல்லும் நட்டார்கள். படையலுக்குப் போனது தன் நெல் என்று ஒரிஹாரா வாய் திறந்தால், பேரரசரையே ஏமாற்றியவர் ஆகிவிடுவார்.

அந்த நெல் இன்னும் நிற்கிறது. எத்தனை அடி பனி விழுந்தது என்பதைக் குளிர்காலத்தில் ஊரார் அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் அந்தக் கல்லுக்கு முதல் வணக்கம் சங்கத் தலைவருடையது. ஒரிஹாரா இடுப்புவரை குனிகிறார். இன்னும் கொஞ்சம் குனியலாம் என்று சவாயே ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறாள். அவரும் குனிகிறார்.