ஒண்ணுக்கு ஏழாம் நம்பர்

1

இந்தக் கதை பிறந்த இடத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஆண்கள் கழிப்பறை. 2013 தை மாதம் அங்கே மாட்ட ஒரு பலகைக்குத் தமிழ் எழுதிக் கொடுத்தேன். வெளிறிய நிறத்தில் தொடங்கிக் கடுங்காப்பி நிறம் வரை எட்டுக் கட்டங்கள். 'உங்கள் சிறுநீர் எந்த எண்?' என்று தலைப்பு. ஏழுக்கும் எட்டுக்கும் நேரே, 'உடனே நிறையத் தண்ணீர் குடிக்கவும். மருத்துவரைப் பார்க்கவும்.'

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் வாசித்தது இதைத்தான். எல்லோரும் நின்றுகொண்டே வாசித்தார்கள்.

2

முதல் தொடக்கம்: 'வானம் பொய்த்த அந்த ஆண்டில், பாளம் பாளமாக வெடித்த கரிசல் நிலம் தன்...'

வேண்டாம். நிலத்துக்கு வலிக்குமா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் வரும் கோமதியம்மாளுக்கு இடுப்பு வலிக்கிறது, அது தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: மாரிராஜ் பலகைக்கு முன்னால் நிற்கிறான். (இது தேறும்.) வயது இருபத்து மூன்று, விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம், பிரஸ் லைனில் வேலை. அவனுடைய எண் மூன்று, கவலைக்கு இடமில்லை. ஆனால் ஊரில் இரண்டு வருஷமாக மழை இல்லை. அம்மா கோமதியம்மாள் ஒரு மாதமாகப் போனில் "சூடுதான்யா, நீர்க்கடுப்பு" என்கிறாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாளாம். அம்மா எத்தனாம் நம்பர்? அதுதான் அவனை அரித்தது.

3

முதலுதவி அறை நர்ஸ் ஜூலி ஸ்ரீபெரும்புதூர்க்காரி. அவள்தான் அவனைப் பிடித்தாள்.

"இன்னாபா, ரெண்டு நாளா இங்கயே சுத்திகினு கீற?"

சொன்னான்.

"எரிச்சல், இடுப்பு வலின்னா கிட்னி சமாச்சாரமா இருக்கும்பா. லேசா வுட்டுறாத. கலர் இன்னான்னு கேளு."

"அம்மாகிட்டயா சிஸ்டர்?"

"பின்ன, எச்.ஆர். கிட்டயா கேப்ப?"

[இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்து மூன்று நாள் கதையை நிறுத்தி வைத்தேன். எந்த மகன் இதைக் கேட்பான்? எந்தச் சொல்லால் கேட்பான்? 'சிறுநீர்' என்றால் அம்மா பயந்துவிடுவாள். 'ஒண்ணுக்கு' என்றால் நம்பர் குழம்பும்.*]

* பள்ளிக்கூடத்தில் ஒற்றை விரலைத் தூக்கினால் வேலை முடிந்தது. போனில் விரல் தெரியாது.

4

கேட்டுவிட்டான். சாப்பாட்டு இடைவேளையில், கேன்டீனுக்குப் பின்னால், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"ம்மா, ஒண்ணுக்கு என்ன நம்பரு?"

"ஒண்ணுக்கு ஒண்ணாம் நம்பர்தானய்யா."

"அதில்லம்மா. கம்பெனிப் பலகையில நம்பர் போட்டிருக்கு. கலரு. வெறும் தண்ணி மாதிரியா, இல்ல கடுங்காப்பி மாதிரியா?"

கோமதியம்மாள் இடுப்பு வலிக்கச் சிரித்தாள். "ஒன்ன இதுக்கா கம்பெனிக்கு அனுப்புனேன்?" சிரிப்பு அடங்கியதும் சொன்னாள். "கலரு எனக்கு எப்படிய்யா தெரியும்? விடியுமுன்ன கருக்கல்ல போறேன். விட்டா, பொழுது அடஞ்சுதான். முன்னயெல்லாம் இந்த மாசம் சோளம் ஆள் உசரம் நிக்கும், மறைவா இருக்கும். இப்ப காடே மொட்டையாக் கெடக்கு. சீமக்கருவேலத்தையும் கரிமூட்டம் போட வெட்டிட்டாக. பகல்ல எங்க போயி ஒதுங்க? அதான், தண்ணிய ஒதட்ட நனைக்கிறதோட நிறுத்திக்கிடுதேன்."

தண்ணீர் கிடைக்காமல்தான் அவள் குடிக்கவில்லை என்று மாரிராஜ் நினைத்திருந்தான். நானும் அப்படித்தான் நினைத்து இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது.

5

முடிவு அ: மாரிராஜ் அம்மாவை ஒரகடத்துக்குக் கூட்டி வருகிறான். ஒரே ரூமில் எட்டுப் பையன்கள், ஒரு கக்கூஸ், ஷிப்ட் மாறும்போது வரிசை. தள்ளுபடி.

முடிவு ஆ: ஊரில் கக்கூஸ் கட்டுகிறான். ஊற்றத் தண்ணீர்? லாரி வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. அதையும் கக்கூஸில் கொட்டுவதா? தள்ளுபடி.

முடிவு இ: மழை பெய்கிறது. எனக்கு இரண்டே சொல் செலவு. ஆனால் சோளம் ஆள் உயரம் வளர மாதக்கணக்காகும், அதுவரை அவளை எத்தனை அத்தியாயம் அடக்கிக்கொண்டிருக்கச் சொல்வது?

முடிவு ஈ எழுத உட்கார்ந்தபோது மாரிராஜின் போன் அடித்தது. மறுநாள், பகல் பன்னிரண்டரை.

"யய்யா, பாத்துட்டேன். நீ கேட்டயேன்னு பகல்லயே போனேன். பக்கத்து வீட்டு பூமாரி சேலைய விரிச்சு மறைச்சுப் பிடிச்சா. ரோட்டுல பஸ்ஸு போச்சு. போகட்டும்."

"எது மாதிரிம்மா?"

"கடுங்காப்பிக்கு ஒரு படி முந்தி."

ஏழு.

"பலகையில என்ன செய்யணும்னு போட்டிருக்கு?"

"டாக்டரப் பாக்கணுமாம்மா."

"போன வாரமே பாத்தேன். நீ பயப்படுவேன்னு சொல்லல. அவரும் மாத்திரையக் குடுத்துட்டு ஒண்ணு சொன்னாரு. பலகையிலயும் அதத்தான் போட்டிருக்கான்னு வாசி."

மாரிராஜுக்கு அந்த வரி மனப்பாடம். எழுதியவன் நான். அடித்துவிட்டு வேறு எழுதலாமென்று பேனாவை எடுத்தேன், வேறு எதுவும் சரியாக இல்லை.

அவன் என்னைப் பார்க்கிறான். நான் உங்களைப் பார்க்கிறேன். பூமாரியின் சேலை மறுபடி கொடிக்குப் போய்விட்டது. கோமதியம்மாள் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள்.

நீங்களே வாசித்துவிடுங்கள்.