காஜிமார் தெருவில் அழுத கரண்டி

காஜிமார் தெரு அப்துல் வஹீது வீட்டில் இருந்த வெள்ளிக் கரண்டிகளுக்கு மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்ததும் பசிக்கும். பசித்தால் அவை உறுமும். சுத்த வெள்ளிக்கு வெள்ளைக்காரர்கள் அடிக்கிற முத்திரை, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நடக்கும் சிங்கம். அதனால் தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தர் கடை லாபத்தையெல்லாம் வஹீது கரண்டிகளாக்கினார். ஊரைவிட்டுப் போகும் துரைமார்களின் பங்களாவில் ஏலம் என்றால் விளாங்குடிக்கு அப்பாலும் வண்டி கட்டிப் போவார். சிங்கத்துக்குப் பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், கிரீடம் இருந்தால் ஷெபீல்டு என்று பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்லுவார். முத்திரை தேய்ந்திருந்தால் மத்தியானம்வரை காத்திருந்து காதை வைத்துக் கேட்பார். வெள்ளி முலாம் மட்டும் பூசியவை வாயே திறக்காது.

சங்கடம் ஒன்றுதான். வெள்ளியில் சாப்பிடுவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. வஹீதும் அவர் மனைவி ஜெயினம்புவும் அவற்றைத் துடைக்கலாம், பார்க்கலாம், வாயில் வைக்க முடியாது. ஆகவே மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஆனிமேரி, பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில், மத்தியான மணி அடித்ததும் வந்து ஒரு வாய்க்கு ஒரு கரண்டியாக மாற்றி மாற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். “ஒங்க வீட்டுச் சிங்கத்துக்கெல்லாம் தீனி போட்டே நான் பெருத்துட்டேன் மதினி” என்பாள். உறுமல் அடங்கியபிறகு ஜெயினம்பு தன் தட்டின் முன் உட்காருவாள். வைகையில் வெள்ளம் வந்தது, வறட்சி வந்தது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியைகள் மாறினார்கள். இந்த ஏற்பாடு மாறவில்லை.

முப்பத்தாறாம் வருஷம் ஓர் எஞ்சினீயர் துரையின் ஏலத்தில், ஒரு கட்டோடு கட்டாக, விரல் நீளக் கரண்டி ஒன்று வந்து சேர்ந்தது. குழிவு உருண்டையாக, உள்பக்கம் தங்கப் பூச்சோடு இருந்தது. அது உறுமவில்லை, அழுதது. “தொரை வீட்டுப் புள்ளைக்குச் சோறூட்டுன கரண்டி. பவுசப் பாரு, தங்கம் பூசியிருக்கான்” என்றார் வஹீது. பெற்ற ஒன்றையும் பால் மறக்கும் முன்பே பறிகொடுத்திருந்த ஜெயினம்பு, அதை வாங்கித் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தாள்.

ஆனிமேரி அதில் பாலை எடுத்துக் குடித்தாள், பால்சோறு தின்றாள், பாயசம் தின்றாள். அழுகை நிற்கவில்லை. ஜெயினம்பு மத்தியானச் சாப்பாட்டை விட்டாள், பிறகு ராச்சாப்பாட்டையும் விட்டாள். “புள்ள அழுவுறப்ப எனக்கு எப்படிங்க சோறு எறங்கும்?” என்று கேட்டாள். நோன்பு மாதம் வந்து போயிற்று, பெருநாள் பிரியாணியும் அவளுக்கு இறங்கவில்லை. வளையல்கள் முழங்கை வரை ஏறின. பிணம் தூக்கிப்போகும் மய்யத்துக்கட்டிலைக் கனவில் கண்ட வஹீது, தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கரண்டியைக் கைவிட முடிவு செய்தார். பழங்காநத்தத்தில் வெள்ளி உருக்குகிறவனிடம் சொல்லிவைத்தார்.

கொடுக்கிற அன்று ஜெயினம்பு அதைத் துணியில் சுற்ற மடியில் வைத்தாள். சுற்ற முடியவில்லை. குனிந்து அழுதாள். கண்ணீர் ஒரு சொட்டு குழிவில் விழுந்தது. கரண்டி சட்டென்று அடங்கிற்று.

“மதினி, இன்னொரு சொட்டு விடுங்க” என்றாள் ஆனிமேரி. இன்னொரு சொட்டும் விழுந்தது. கரண்டி ஏப்பம் விட்டது. வஹீது பூதக்கண்ணாடியை எடுத்துக் குழிவைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“புள்ளக் கரண்டி இல்ல, ஜெயினம்பு. மேசையில உப்பு எடுக்குற கரண்டி. உப்பு வெள்ளிய அரிச்சிரும்னு உள்ள தங்கம் பூசியிருக்கான். நான் பவுசுன்னு நெனச்சுட்டேன்.”

“உப்புக்கு அழுத புள்ளைக்கு இம்புட்டு நாளும் பாலக் குடுத்துருக்கோம்” என்று ஜெயினம்பு அழுகையோடு சிரித்தாள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அதற்கு உப்பு வைக்கலாமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவரச் சொல்லிக் கணவரை அனுப்பினாள். “நாம வெள்ளியில தின்னாத்தான விலக்கு? வெள்ளியே தின்னா?” ஹஜ்ரத் தாடியைத் தடவி யோசித்தார். தாம் ஓதிய கிதாபுகளில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை என்று சொல்லி, ஒரு படி கல்லுப்பைக் கொடுத்தனுப்பினார்.

யுத்தம் வந்தது, அரிசிக்கு ரேஷன் வந்தது, துரைமார் மொத்தமாகக் கப்பலேறியதில் ஏலங்களும் ஓய்ந்தன. உலை இறங்கியதும் ஜெயினம்பு ஒரு சிட்டிகை உப்பை அந்தக் குழிவில் வைத்துவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பாள். தெருப் பெண்கள் வாசலில் நின்று, “புள்ள சாப்புட்டுச்சா?” என்று விசாரிப்பார்கள்.

“சாப்புட்டுத் தூங்குது. மெதுவாப் பேசு” என்று சொல்லிவிட்டு அவள் சோற்றைப் பிசைவாள்.