ஐந்து என்று சொன்னவன்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதை எழுதுகிறவனும் இதில் நடக்கிறவனும் ஒரே ஆள்தான். ‘நான்’ என்று எழுதினால் நீங்கள் தோளில் கை வைக்க வருவீர்கள். ஏற்கெனவே நிறையக் கைகள் வைத்தாகிவிட்டது. ஆகவே ‘அவன்’.

மனைவி இறந்த எட்டாம் மாதம், பனி மூடிய மலையில் அவன்

அந்த வரியை அடித்தாயிற்று. பனியெல்லாம் இல்லை. சுள்ளென்று வெயில். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பொதுவான மண்பாதை, இரண்டு ஆள் அகலம்.

2

அவனோடு மலையேறும் நண்பர்களுக்கு ஒரு வழக்கம். மேலிருந்து சைக்கிள் பாய்ந்து வந்தால் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குவார்கள். அது போனதும் ஒவ்வொருவரும் வரிசையாகத் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். யாராவது புதருக்குள் விழுந்திருந்தால் தெரிந்துவிடும். (ஒருமுறை நெட்டை என்ற நண்பன் விழுந்தான். முள்ளுக்குள்ளிருந்தே “மூணு” என்றான்.)

பல் டாக்டர் ஒன்று. அவர் மனைவி, கணக்கு டீச்சர், இரண்டு. நெட்டை மூன்று. அவன் மனைவி நான்கு. அவன் ஐந்து. ஆறு வருடமாக அப்படித்தான்.

3

பாதை தொடங்கும் இடத்தில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் டாக்டர் சொன்னார்:

“இன்னிக்கு நீ நாலுடா.”

பல்லைப் பிடுங்குவதற்கு முன் ‘வலிக்காது’ என்று சொல்லும் அதே குரல்.

(இங்கே டாக்டரைக் கெட்டவராக்கும் பத்தி ஒன்று இருந்தது. நீக்கியாயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் அவனோடு உட்கார்ந்திருந்தவர். நல்லவர்கள் செய்யும்போதுதான் இது பொறுக்கவில்லை.)

நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் எல்லோரும் ஒரு நொடி வாயடைத்து நிற்க வேண்டிவரும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. டீச்சரும் தலையாட்டினார். கணக்குப்படி டாக்டர் சொன்னது சரி. அவன் தலையாட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

5

(நான்காம் பகுதி எங்கே என்று கேட்டுத் திருத்த வராதீர்கள்.)

இரண்டாவது திருப்பத்தில் மணியடித்தபடி மூன்று சைக்கிள்கள் வந்தன. ஒதுங்கினார்கள். புழுதி அடங்குவதற்குள்

இல்லை, அடங்கிய பிறகுதான்.

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“மூணு.”

நாலு என்று சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் அவன் காத்திருந்தான்.

“அஞ்சு.”

நெட்டை மெல்லக் கேட்டான்: “டேய், நாலு பேர்தானே இருக்கோம்?”

“எனக்கும் எண்ணத் தெரியும்.”

“அப்புறம்?”

“அவ இடத்துல என்னை நிக்க வைக்காதீங்க. அவளை அழிச்சிட்டுத்தான் உங்ககூட நடக்கணும்னா, நான் தனியாவே நடந்துக்கறேன்.”

6

முடிவு மூன்று விதமாக எழுதிப் பார்த்தான். டீச்சர் கட்டிக்கொண்டு அழுகிறார்: கிழித்தாயிற்று, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அவன் கோபித்துக்கொண்டு இறங்கிப்போகிறான்: டாக்டர் விடமாட்டார். மூன்றாவதில் அவள்

வேண்டாம்.

நடந்தது இவ்வளவுதான். மறுபடி நடந்தார்கள். அடுத்த திருப்பத்தில் இன்னொரு சைக்கிள். டாக்டர் “ஒண்ணு” என்றார். டீச்சர் “ரெண்டு”. நெட்டை, வழக்கத்தைவிடச் சத்தமாக, “மூணு”.

பிறகு, நாலு வரவேண்டிய இடத்தில், எல்லோரும் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று அவன் எழுதப்போவதில்லை. நீங்களும் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள். அவசரமிருப்பவர்கள் முன்னால் போகலாம். பாதை பொது.