மூன்றாம் பெஞ்சின் ஆமென்

1964 ஆகஸ்டில் லூசியஸ் டார்வர் கொல்லப்பட்டதற்கு மறு ஞாயிறு முதல், மிசிசிப்பியில் எங்கள் பாப்டிஸ்ட் சபையில் அவர் வழக்கமாக உட்காரும் மூன்றாம் பெஞ்சு, யாராவது உண்மை பேசினால் மட்டும் அவர் குரலிலேயே ஆமென் சொல்லிவந்தது. பிரசங்க நேரத்தில் பெரும்பாலும் சும்மா இருந்தது. சபை அறிவிப்புகளை எழுதிப் படிக்கும் எனக்கு இருபது வருடத்தில் ஒரே ஒரு ஆமென் கிடைத்தது, மீன் வறுவல் விருந்து எத்தனை மணிக்கு என்று சொன்னதற்கு.

லூசியஸ், எங்கள் கறுப்பின ஆட்களைத் தன் டிரக்கில் ஏற்றிப்போய் வாக்காளர்களாகப் பதிவுசெய்ய வைத்தவர். ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். தவறி விழுந்து மூழ்கினார் என்று இறப்புச் சான்றிதழ் எழுதிக் கோப்பை மூடினார்கள். மகள் வெர்லீனுக்கு அப்போது எட்டு வயது. அப்பாவின் கடைசிச் சாயங்காலம் எப்படிக் கழிந்தது என்று தெரியாமலே அறுபத்தெட்டு ஆகிவிட்டது. அறுபதாம் ஆண்டு நினைவு ஞாயிறன்று வாசிக்க அந்த வரலாற்றை எழுதித் தருவதாக, பள்ளிச் சமையற்கட்டிலிருந்து ஓய்வுபெற்ற எர்னஸ்டின் பூல் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பதினோரு வருடம் நீதிமன்ற நிலவறையில் பழைய கோப்புகளைக் கிளறினாள், வாஷிங்டனுக்கு எழுதிப்போட்டு, பாதி வரிகளுக்குக் கறுப்பு மை பூசிய தாள்களை வரவழைத்தாள். புதன்கிழமைதோறும் ஒவ்வொரு வரியாகப் பெஞ்சுக்குப் படித்துக் காட்டுவாள். ஆமென் கிடைத்ததை மையால் எழுதுவாள். அவரைச் சுட்டுக்கொன்ற இருவரின் பெயர்களைப் படித்தபோது பெஞ்சு இரண்டு முறை சொன்னது.

ஒரு வரிக்கு மட்டும் பெஞ்சு மசியவில்லை. ‘அன்று சாயங்காலம் அவர் யாரிடமும் அடைக்கலம் கேட்கவில்லை.’ வார்த்தைகளை மாற்றிப் பார்த்தாள். பெஞ்சைத் துடைத்து மெருகேற்றினாள். வெட்கமில்லாமல் பெக்கான் பருப்புப் பலகாரம்கூடச் சுட்டு வைத்தாள். பெஞ்சு அசையவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

நினைவு ஞாயிறன்று அந்த வரி வந்ததும் தாளை மடித்துவிட்டாள்.

“அவரு எங்க வீட்டுக் கதவத்தான் தட்டினாரு. மூணு தட்டு. எங்கப்பா தாழ்ப்பாள் போட்டுட்டு, சத்தம் காட்டாதீங்கன்னாரு. எனக்கு ஒம்பது வயசு. மேசைக்கு அடியில இருந்தேன்.”

பெஞ்சு ஆமென் சொன்னது. உரக்க அல்ல; கதவு திறந்ததும் உள்ளே வருகிறவர் சொல்வதைப்போல.

வெர்லீன் தன் கையுறைகளைக் கழற்றினாள். பிறகு எழுந்து முன்னால் வந்தாள்.

“ஏண்டி, இருபது வருஷம் எங்க கூரை ஒழுகும்போதெல்லாம் உங்கப்பா வந்து சும்மா அடைச்சுக் குடுத்தாரு. எங்கம்மா மூஞ்சியப் பாக்காமலே ஏறுவாரு, பாக்காமலே இறங்குவாரு. இந்த ஊர்ல எவன்டி சும்மா கூரை ஏறுவான்?”

“அப்ப உனக்குத் தெரியுமா?”

“ஏதோ இருக்குன்னு தெரியும். என்னன்னு இப்பத்தான் தெரியுது. சரி, வா, உக்காரலாம். கால் வலிக்குது.”

அறுபது வருடமாக யாரும் உட்காராத மூன்றாம் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அது இடம் கொடுத்தது.

அடுத்த வசந்தத்தில் சான்றிதழைக் கொலை என்று திருத்தித் தந்தார்கள். வெர்லீன் அதைப் பெஞ்சுக்கு ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுத்தான் சட்டம் போட்டு மாட்டினாள். பாஸ்டர் பிரசங்கத்தைப் பன்னிரண்டு நிமிடமாகக் குறைத்துவிட்டார். இதுவரை இரண்டு ஆமென் வாங்கியிருக்கிறார். நானும் இதை அச்சுக்குக் கொடுக்குமுன் பெஞ்சுக்குப் படித்துக் காட்டினேன். நினைவு ஞாயிறன்று என் கண் கலங்கியது மின்விசிறித் தூசியால்தான் என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பெஞ்சு வாயே திறக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். பிறகு சொன்னது.