முன்கூட்டியே தட்டியவன்

கூண்டுச் சண்டையில் போலாரம் உமேஷின் முதல் ஆறு எதிராளிகளும் ஒரே மாதிரிதான் தோற்றார்கள். கீழே தள்ளுவான், முதுகில் ஏறுவான், கழுத்தில் கையைப் பூட்டுவான். மூச்சு முட்டி அவர்கள் கையால் தட்டிவிடுவார்கள். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

அதெல்லாம் பத்து வருடத்துக்கு முந்தைய கதை. ஐந்து வருடத்துக்கு முன்பு அவன் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஹப்சிகுடா பயிற்சிக்கூடத்தில் அவனோடு தினமும் தரையில் உருண்டு மல்லுக்கட்டுகிறவன் கிரி, நான்கு வயது இளையவன். அண்ணனுக்குக் கால் நோகக்கூடாதே என்று, பூட்டு விழுந்ததுமே, இறுகும் முன்பே தட்டிவிடுவான். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். கால் சரியான பிறகும் ஒருவரும் நிறுத்தவில்லை. சீனியரிடம் முரண்டு பிடிப்பது மரியாதை இல்லையாம். நல்ல மரியாதை! இந்த ஐந்து வருடத்தில் அவன் பிடி இற்றுப்போனது உமேஷைத் தவிர எல்லோருக்கும் தெரியும். போட்டிகளில் ஜனங்களுக்குக் குத்துதான் பிடிக்கிறது என்று அவன் நின்றே ஆடிவந்தான். அவனுக்கு எப்படித் தெரியும்?

கடைசி இரண்டு சண்டைகளிலும் தோல்வி. இன்றைய சண்டையிலும் தோற்றால் ஒப்பந்தம் கிடையாது என்று அமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். முப்பத்தைந்து வயதுக்காரனை வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்?

கூண்டுக்குள் போக அரைமணி நேரம் இருந்தது. கிரி அவன் கையில் துணிக்கட்டு சுற்றிக்கொண்டிருந்தான்.

"குத்துல ரெண்டு தடவை தோத்தாச்சு. இன்னிக்குக் கீழ இழுத்துடறேன்" என்றான் உமேஷ்.

"நக்கோண்ணே, வேணாம். நின்னே ஆடு. இன்னிக்கு மோதப்போற பையன் கீழ ரொம்ப ஸ்ட்ராங்."

"நான் இல்லையா? நேத்துகூட நீ மூணு தடவை தட்டினியேடா!"

கிரி அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சண்டைக்குக் கிளம்புகிறவனிடம் உன் பிடியில் ஒன்றுமில்லை என்று எந்த வாயால் சொல்வது? கட்டின் மேல் இன்னொரு சுற்று சுற்றினான்.

முதல் சுற்றில் உமேஷ் நின்று நன்றாகவே குத்தினான். அத்தோடு இருந்திருக்கலாம். இரண்டாவதில் தள்ளினான், ஏறினான், பூட்டினான். அரங்கமே எழுந்து கத்தியது. "விடுண்ணே, எழுந்திரு!" என்று கூண்டுக்கு வெளியே கிரி தொண்டை கிழியக் கத்தியது யார் காதில் விழும்? உமேஷ் இறுக்கினான். முகம் சிவந்தது அவனுக்குத்தான். இருபத்திரண்டு வயதுப் பையன் பதறாமல் அவன் விரல்களைப் பிரித்தான், திரும்பினான், மேலே ஏறினான், அவன் இடது கையைப் பின்னுக்கு மடக்கினான். உமேஷ் தட்டினான்.

உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் போனதும் உமேஷ் கிரியைப் பார்த்தான்.

"திரும்பி உட்காரு."

"அண்ணே, கை வலிக்கும்..."

"உட்காருடா."

கிரி தரையில் உட்கார்ந்தான். வலிக்கிற கையையும் சேர்த்து உமேஷ் அவன் கழுத்தைப் பூட்டி, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து இறுக்கினான். கிரிக்கு மூச்சு தாராளமாக வந்து போனது. வலது கை பழக்கதோஷத்தில் தானாக எழுந்தது. தட்டினால் அண்ணன் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவான், நாளைக்கு மறுபடியும் நம்புவான். கிரி அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

பிடி நடுங்க ஆரம்பித்தது.

"தட்டுடா" என்றான் உமேஷ். அதட்டல் இல்லை, கெஞ்சல். "ஒரே ஒரு தடவை தட்டு கிரி."